சுழல் டயலில் 0 சுற்றியதும் எக்சேஞ்சில் என்ன நடந்தது?

மஞ்சக்குப்பம்:
கடலூரில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஐடிஐ (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) கறுப்பு போன் ஒன்று கிடைத்திருக்கிறது. ஆபரேட்டரிடம் ட்ரங்க் கால் (வெளியூர் அழைப்பு) பதிவு செய்து காத்திருந்தது போய், நாமே 044 சுற்றிச் சென்னையைப் பிடித்த விதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். டயல் அனுப்பும் துடிப்பைக் கண்ணால் பார்க்க வழி உண்டா? சுற்றி முடித்த பிறகு ஏன் அவ்வளவு நேரம் மௌனம்? பில் எப்படிப் போட்டார்கள்?

முத்தியால்பேட்டை:
டயலைச் சுற்றும்போது எதுவும் போகாது. விரலை எடுத்ததும் அது திரும்பி வரும்போதுதான் லைன் விட்டுவிட்டுத் துண்டிக்கப்படும். ஒவ்வொரு துண்டிப்பும் ஒரு துடிப்பு. விநாடிக்கு 10 துடிப்பு. 4க்கு நாலு, 0க்குப் பத்து. ஆக 044க்கு 18, டெல்லியின் 011க்கு 12, கடலூரின் 04142க்கு 21.

செய்முறை: 9 வோல்ட் பேட்டரி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், எல்இடி மூன்றையும் டயலின் துடிப்புக் கான்டாக்டோடு தொடராக இணையுங்கள். அந்தக் கான்டாக்டைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரை பீப் (கன்டினியூட்டி) நிலையில் வையுங்கள்: டயல் சும்மா இருக்கையில் அது கத்த வேண்டும், திரும்பும்போது விட்டுவிட்டுக் கத்த வேண்டும். அதுதான் சரியான ஜோடி. சுற்றத் தொடங்கியதுமே மாறி, கடைசிவரை அப்படியே நிற்கும் இன்னொரு ஜோடி இருக்கும். துடிப்பு காதில் 'டக்டக்' என்று கேட்காமல் தடுப்பது அதன் வேலை, அதைத் தொட வேண்டாம். போனை உண்மையான லைனில் மாட்டிவிட்டுக் கம்பியைத் தொடாதீர்கள், மணி வரும்போது 75 வோல்ட் ஏசி.

வில்லியனூர்:
மௌனத்துக்குக் காரணம் சொல்கிறேன். உள்ளூர் ஸ்ட்ரோஜர் (பழைய இயந்திர வகை) எக்சேஞ்சில் ஒவ்வோர் எண்ணுக்கும் செலக்டர், அதாவது துடிப்பை எண்ணி நகரும் சுவிட்ச், அப்போதே ஏறிவிடும். முதலில் 0 வந்தால் அழைப்பு வெளியூர் அழைப்புக்கான ட்ரங்க் எக்சேஞ்சுக்குப் போகும். அங்கே ரெஜிஸ்டர் என்ற கருவி எண்களை வாங்கி வைத்து, ஊருக்கான கோட் எண்ணைப் பார்த்து வழியைத் தீர்மானித்து, அடுத்த எக்சேஞ்சுக்கு எண்களைச் சொல்லும். அதற்குத்தான் அந்த நேரம். லைன் செத்துவிட்டதென்று நினைத்துப் பாதியில் வைத்தவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து சுற்றுகிற வேலை.

பில்: எதிர்முனையில் எடுத்ததும் உங்கள் எக்சேஞ்சில் உங்கள் பெயருக்கு உள்ள மீட்டர் ஓடத் தொடங்கும். தூரம் கூடக் கூட ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கும் விநாடி குறையும். உள்ளூர், எஸ்டிடி (நாமே சுற்றும் வெளியூர் அழைப்பு) எல்லாம் ஒரே மீட்டரில் விழுந்ததால் பில்லில் மொத்த யூனிட்தான் இருக்கும், எந்த அழைப்புக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. சண்டைகள் பாதி அதில்தான். இந்தியாவில் எஸ்டிடி தொடங்கியது 1960இல், கான்பூர்–லக்னோ இடையே.

மஞ்சக்குப்பம்:
எல்இடி சிமிட்டுகிறது, மிக்க நன்றி! ஆனால் 0 திரும்பி வர ஒன்றரை விநாடி ஆகிறது. சரிதானா?

முத்தியால்பேட்டை:
இல்லை, ஒரு விநாடியைச் சற்றே தாண்டலாம், அவ்வளவுதான். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பட்ஸால் துடையுங்கள். தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ விட்டால் பிரேக் வழுக்கி, டயல் தறிகெட்டு ஓடும். இந்த வேகம் தப்பினால் செலக்டர் துடிப்பைத் தவறாக எண்ணும், ராங் நம்பர் விழும். விரலால் டயலைத் தள்ளித் திருப்பினாலும் இதே கதி, பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.