புதுப்பிப்பு: டிடெக்டருக்கு பிவிசி ஸ்டாண்ட் செய்துவிட்டேன்

மெட்டல் டிடெக்டரைக் கீழே வைத்தால் சாய்கிறது, கைப்பிடிப் பெட்டிக்குள் மணல் ஏறுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன் இல்லையா, அதற்கு வீட்டிலேயே ஸ்டாண்ட் செய்தாயிற்று. முக்கால் இஞ்ச் பிவிசி பைப், எல்போ, டி (T) இணைப்புகள், அவ்வளவுதான். ஆணி, திருகு எதுவுமே போடவில்லை, காயில் (coil, டிடெக்டரின் அடியில் உலோகத்தை உணரும் பகுதி) பக்கத்தில் இரும்பு ஆகாது, எல்லாம் சால்வென்ட் சிமெண்டில் ஒட்டியதுதான். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரையில் முதல் நாள் கால்கள் மணலில் புதைந்தன. அப்புறம் ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு சாண் பைப்பைக் குறுக்கே மாட்டினேன், சரி, இப்போது அசையவில்லை. அங்கே இல்மனைட் கலந்த கருமணல், இல்மனைட் என்பது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாது, காயிலை அதில் உரசினாலே சத்தம் வரும். இப்போது ஸ்டாண்டில் காயில் ஒரு முழம் உயரத்தில் நிற்பதால் நான் குனிந்து தோண்டும்போது மெஷின் அமைதியாக இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.