காக்காய்க்கு வைத்தது போக

வீரவநல்லூர்க்காரர்:

எங்கள் வீட்டில் காக்காய்க்கு வைக்காமல் யாரும் சாப்பிட உட்கார்ந்ததில்லை. பறவைக்குத் தீனி போடுவதை நான்தான் தொடங்கினேன் என்று சொன்னால் ஆச்சி அடிக்க வருவாள். நான் சேர்த்தது கேமரா மட்டும்தான். தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் 70–300 லென்ஸோடு யாரோ பயன்படுத்தி விற்றதை வாங்கினேன்.

முதலில் மதில்மேல் தட்டு வைத்துக் கம்பும் குருணையும் போட்டேன். தவிட்டுப்புறா, சிட்டுக்குருவி, மைனா எல்லாம் வந்தன. மூன்றாம் வாரம் வாழைத்தோப்பிலிருந்து மயில்கள் இறங்கின. தட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவின் கீரைப் பாத்தியையும் முடித்துவிட்டுப் போயின. சிந்திய குருணைக்கு ராத்திரி பெருச்சாளி, பெருச்சாளிக்குப் பின்னால் ஆறடிச் சாரை. "குருவிக்குப் போடுதியா, பாம்புக்குப் போடுதியாலே?" என்றாள் அம்மா. தட்டு அன்றோடு உள்ளே போனது.

அதற்குப் பதில் தண்ணீர் வைத்தேன். வாயகன்ற மண்சட்டி, இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் தண்ணீர் கிடையாது, நடுவில் சொரசொரப்பாக ஒரு கல். கொசு வராமல் தினமும் மாற்றிவிட வேண்டும். கத்திரி வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தச் சட்டிக்கு வந்த கூட்டம் கம்புக்கு ஒருநாளும் வந்ததில்லை. தானியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காத கரிச்சானும் கொண்டைக்குருவியும் தையல்சிட்டும் வந்தன. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு ஒன்றாக வரும். ஒன்று முருங்கையில் உட்கார்ந்து காவல் பார்க்க, மற்றதெல்லாம் கல்யாண வீட்டுப் பந்திபோல இடித்துக்கொண்டு இறங்கும். நனைந்த பிறகு பார்த்தால் பாதி உடம்புதான் மிஞ்சும், கண் மட்டும் வெள்ளையாக முறைக்கும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சட்டிக்குப் பக்கத்தில் காய்ந்த கொம்பு ஒன்றை நட்டு வையுங்கள். எந்தக் குருவியும் நேரே தண்ணீரில் இறங்காது. முதலில் கொம்பில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்கும். படம் அங்கேதான். குளிப்பதை எடுக்க வேண்டுமானால் ஷட்டர் வேகம் 1/1000 நொடியாவது வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் சுண்ணாம்பு தெளித்த மாதிரி இருக்கும்.

இனி, எழுத வந்த விஷயம். போன ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள். புறவாசல் மூலையில் மா இலையும் பலா இலையும் முட்டளவு குவிந்து கிடந்தது. தீபாவளிக்குள் அள்ளு என்று ஆச்சி தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்குச் சோம்பல். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். குவியலுக்குப் பின்னாலிருந்து கூர்மையாக ஒரு விசில், ஏறி இறங்கும் இரண்டு சுரம். ஆறுமணிக்குருவி! இத்தனை வருஷம் குரலை மட்டும் கேட்டவன் நான். கட்டை வால், முதுகு பச்சை, இறக்கையில் நீலம், கண்ணுக்குக் குறுக்கே பட்டையாகக் கறுப்பு, வாலடியில் குங்குமம். தத்தித் தத்தி வந்தது, ஒரு பலா இலையை அலகால் புரட்டிப் போட்டது, தலையைச் சாய்த்துக் கேட்டது, மண்புழுவை இழுத்தது. அது அறுபடாமல் வரும்வரை காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்துகொண்டே போனது.

வெளிச்சமே இல்லை. கேமராவின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 3200-க்கு ஏற்றியும் ஷட்டர் வேகம் 1/60 நொடிதான் கிடைத்தது. நாற்பது படம் எடுத்தேன், அத்தனையும் கலங்கல். ஒன்றில் மட்டும் சிவப்பு வாலடி தெளிவாக இருக்கிறது.

மறுநாள் டவுனிலிருந்து சிநேகிதன் பெரிய லென்ஸோடு வந்தான். போனில் அதன் குரலைப் போட்டால் வெளியே வரும் என்றான். நான் விடவில்லை. இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் ராத்திரி ராத்திரியாகப் பறந்து வருகிற சாதி அது. இரை தேடுகிற நேரத்தில், தன் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டது என்று நினைக்கவைத்து, இல்லாத எதிரியைத் தேடி அலையவைக்க வேண்டுமா? அவன் ரெண்டு வாரம் பேசவில்லை. குருவி பங்குனி வரைக்கும் இருந்தது. குப்பையும் இருந்தது.

பாளையங்கோட்டைக்காரர்:

அண்ணாச்சி, சட்டி விஷயம் சரிதான். நான் மைனாவுக்குக் காராச்சேவு போட்டுப் பழக்கின பாவி. உப்பு ஆகாதுன்னு பிறகுதான் தெரிஞ்சுது, இப்போ பழுத்த பப்பாளித் துண்டுதான். எங்க வீட்டு வம்பு வேற. ஊதாத் தேன்சிட்டு, ஆண், என் பைக் கண்ணாடியில தன்னையே பார்த்துக் காலையில இருந்து சண்டை போடும். பழைய சாக்ஸை மாட்டின பிறகுதான் ஓய்ஞ்சுது. ஒருநாள் மணிப்புறா ஜன்னல் கண்ணாடியில மோதி விழுந்துட்டு. தண்ணி ஊத்தப் போன தம்பியைத் தடுத்துட்டேன். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில வச்சு இருட்டா மூடி வச்சோம். ஒரு மணி நேரம் கழிச்சுத் திறந்தா, விருட்டுன்னு போயிட்டு.

நாங்குநேரி பக்கத்து அக்கா:

நீங்க எல்லாம் சட்டி வச்சுக் கூப்பிடுதீங்க. நான் வாக்கப்பட்டது கூந்தன்குளம், இங்க கூப்பிடவே வேண்டாம். மஞ்சமூக்கு நாரை எங்க வீட்டு மரத்துலயே கூடு கட்டும். நாத்தம், சத்தம், துணியெல்லாம் எச்சம். ஆனா குளத்துத் தண்ணியில அந்த எச்சம் கலந்து வயலுக்குப் போறதுதான் உரம். 1994-ல சரணாலயம்னு அறிவிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த ஊர்ல அதுகளுக்காக வெடி போடுறதில்ல.

படம் எடுக்க வாறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு. உச்சி வெயில்ல மரத்தடிக்கு வராதீங்க. தாய் நாரை இறக்கையை விரிச்சுக் குஞ்சுக்கு நிழல் கொடுத்துட்டு நிக்கும். நீங்க வந்தா அது எந்திரிச்சுப் போயிரும், குஞ்சு வெயில்ல கிடந்து காயும். போன மாசம் ஒருத்தர் பீரங்கி மாதிரி லென்ஸோட வந்து, கொடியில காயுத சேலையை எடுத்துருங்கக்கா, பேக்ரவுண்டு சரியில்லன்னாரு. எடுக்கல.