ஸ்டார்ட்அப்புக்கு பார்ட்னர் வேண்டும், ஒருவரை எதை வைத்து நம்புவது?

கிடங்குவாசி கேட்டது:

வணக்கம். சரக்குக் கிடங்கு நிர்வாகத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். கையில் எவ்வளவு மூலப்பொருள் இருக்கிறது என்று தெரியாமலேயே ஆர்டர் எடுத்துவிட்டு அப்புறம் தவிக்கிற சின்ன உற்பத்தியாளர்களை தினமும் பார்க்கிறேன், அவர்களுக்கு எளிமையாக ஒரு மென்பொருள் செய்து தர வேண்டும் என்பதுதான் திட்டம். செய்து கொடுத்தால் காசு கொடுக்கத் தயார் என்று சிலர் இப்போதே சொல்கிறார்கள். எனக்குக் கோட் எழுதத் தெரியாது.

தெரிந்தவர் மூலமாக ஒரு டெவலப்பர் அறிமுகமானார். வேலை தெரிந்தவர், பேச்சிலும் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். ஆனால் முதல் நாளே பாதி ஷேரைத் தன் பெயரில் எழுதிவிட வேண்டும் என்கிறார், இப்போது பார்க்கும் வேலையை எப்போது விடுவீர்கள் என்று கேட்டால் 'பார்க்கலாம்' என்று நிறுத்திக்கொள்கிறார். இன்னொரு பக்கம் கல்லூரி நண்பன் ஒருவன், பணம் நான் போடுகிறேன், என்னையும் பார்ட்னராகச் சேர்த்துக்கொள் என்கிறான். நண்பனாக அவனை முழுசாக நம்புவேன், தொழிலில் எப்படி என்று தெரியாது.

இந்த இடத்தைக் கடந்து வந்தவர்கள் எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள்?

நிரல்நெசவு பதில்:

நானும் ஒரு கம்பெனியில் கோட் எழுதும் பார்ட்னராக இருப்பவன், அதனால் அந்த டெவலப்பர் பக்கமும் கொஞ்சம் பேசுகிறேன். பாதி கேட்பதில் தப்பில்லை, பொருள் முழுவதையும் அவர்தான் கட்டப் போகிறார். ஆனால் வேலையை விடுவதற்குத் தேதி சொல்லாமல் ஷேரை மட்டும் இன்றே எழுதித் தரச் சொல்வதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

ஷேர் பேச்சை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, அவருடன் ஒரு சின்ன வேலையைச் சேர்ந்து செய்து பாருங்கள். காசு கொடுக்கத் தயார் என்று சொன்னவர்களில் ஒருவருக்குத் தேவையான ஒரே ஒரு பகுதி, உதாரணமாக மூலப்பொருள் வரவு செலவுப் பதிவு மட்டும். இரண்டு மூன்று மாதம் போதும், அதற்கு நியாயமான கூலியும் கொடுத்துவிடுங்கள், அப்போதுதான் ஒத்துவராவிட்டால் இரண்டு பேரும் கசப்பில்லாமல் விலக முடியும். மென்பொருள் வேலையில் தேதி தள்ளிப்போவது சகஜம். அது தள்ளிப்போகும் என்று தெரிந்ததும் அவராகவே வந்து சொல்கிறாரா, நீங்கள் துருவிக் கேட்ட பிறகு சொல்கிறாரா என்று பாருங்கள். கெட்ட செய்தியை ஒருவர் எவ்வளவு சீக்கிரம் உங்களிடம் கொண்டுவருகிறார் என்பதைத்தான் நான் எல்லாவற்றையும் விடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் மறைக்கிற பழக்கம் இருப்பவர் நாளைக்குக் கணக்கிலும் மறைப்பார்.

அப்புறம், கருத்து வேறுபாடு வந்தால் பயந்துவிடாதீர்கள், வரட்டும். லேரி பேஜும் செர்கே பிரினும் 1995-ல் முதன்முதலில் சந்தித்தபோது ஏறக்குறைய எதிலுமே ஒத்துப்போகவில்லை என்று சிலர் சொல்வதாகக் கூகுளே எழுதியிருக்கிறது, அதற்கடுத்த வருடமே தேடல் ஆராய்ச்சியில் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டார்கள், கம்பெனியாகப் பதிவு செய்தது 1998-ல்தான். அதற்குள் ஒருவர் இன்னொருவரோடு எப்படி வாதாடுவார் என்று இருவருக்கும் தெரிந்திருக்கும்.

இன்னொன்று, அவரோடு முன்பு வேலை செய்து பிரிந்து போனவர்களிடம் பேசுங்கள். அவர் தருகிற பெயர்கள் எல்லாம் நல்லதுதான் சொல்வார்கள், அவர் தராத ஒரு பெயரைத் தேடிப் பிடியுங்கள். நல்லவரா என்று கேட்காதீர்கள், கடைசி நாள் எப்படி இருந்தது, பாக்கி எல்லாம் தீர்ந்ததா, பாஸ்வேர்டுகளை ஒழுங்காக ஒப்படைத்தாரா என்று கேளுங்கள்.

பேரேடு பதில்:

கம்பெனிக் கணக்கு பார்ப்பது என் தொழில். பார்ட்னர்கள் பிரிவதைப் பக்கத்திலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன், ஏமாற்றிப் பிரிந்தவர்களை விட, எதையும் எழுதி வைக்காததால் பிரிந்தவர்கள்தான் அதிகம்.

ஷேரை மொத்தமாகக் கையில் கொடுக்க வேண்டியதே இல்லை, வெஸ்டிங் என்று ஒரு முறை இருக்கிறது, கூட இருந்து வேலை செய்யச் செய்ய ஷேர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாகும். ஸ்டார்ட்அப்களில் வழக்கமாக 4 வருடம், அதில் முதல் 1 வருடம் கிளிஃப். அதாவது அவருக்கு 50 சதவீதம் என்று பேசினாலும் முதல் வருடம் முடிவதற்குள் போனால் ஒன்றும் கிடையாது. வருடம் முடிந்த அன்று நான்கில் ஒரு பங்கு, 12.5 சதவீதம் அவருடையதாகும், அதன் பிறகு மாதா மாதம் கொஞ்சம் சேரும். 18 மாதத்தில் விலகினால் 48-ல் 18 பங்கு, அதாவது 18.75 சதவீதத்தோடு போவார், மீதி கம்பெனிக்குத் திரும்பிவிடும். இது இல்லாமல் பாதியை எழுதிக் கொடுத்து, எட்டாவது மாதம் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், அந்தப் பாதி அவரிடமே கிடக்கும், நீங்கள் வருடக்கணக்கில் உழைத்து வளர்ப்பதில் பாதி அவருக்குப் போகும். அப்படி ஒரு ஷேர் பட்டியலைப் பார்த்தால் முதலீட்டாளர்களும் தயங்குவார்கள்.

இந்த நிபந்தனை உங்கள் ஷேருக்கும் சேர்த்து இருக்கட்டும். அவருக்கு மட்டும் வைத்தால் அது நம்பிக்கையின்மை, இருவருக்கும் வைத்தால் அது விதி.

அடுத்தது கோட் யாருடையது என்பது. நிறைய நாடுகளில், ஒப்பந்தம் இல்லாவிட்டால், எழுதியவருக்கே அதன் உரிமை என்று ஆகிவிடும் வாய்ப்பு உண்டு, கூலி நீங்கள் கொடுத்திருந்தாலும் சரி. மேலே நிரல்நெசவு சொன்ன சின்ன வேலைக்கே உரிமை கம்பெனிக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே அவருடைய இப்போதைய வேலை ஒப்பந்தத்தையும் படிக்கச் சொல்லுங்கள், பணியில் இருக்கும்போது எழுதுகிற கோடெல்லாம் முதலாளிக்குச் சொந்தம் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும்.

ஒற்றைத்துடுப்பு பதில்:

பார்ட்னர் வேண்டுமா என்பதையே ஒரு முறை யோசியுங்கள். வாடிக்கையாளர் உங்களிடம் இருக்கிறார், தொழில் உங்களுக்குத் தெரியும். முதல் பதிப்பைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யலாம். ஈபே என்ற இணைய ஏலத் தளத்தை பியர் ஒமிடியார் 1995-ல் தனியாகத்தான் ஆரம்பித்தார், ஜெஃப் ஸ்கோல் அடுத்த வருடம் வந்து சேர்ந்தார். தனிமை பயமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் யாருக்கும் பாதியைத் தராதீர்கள்.

நிரல்நெசவு பதில்:

@ஒற்றைத்துடுப்பு ஒமிடியாருக்குக் கோட் எழுதத் தெரியும், முதல் தளத்தை அவரே எழுதினார். இவருக்கு அது முடியாது. மென்பொருளை மட்டுமே விற்கப் போகும் கம்பெனியில் அதை உள்ளிருந்து புரிந்துகொள்ள ஒருவரும் இல்லை என்றால், கூலிக்கு எழுதியவர் செய்தது சரியா தப்பா என்றுகூடச் சொல்ல முடியாமல் போகும். தேடட்டும், அவசரப்படாமல் தேடட்டும்.

கிடங்குவாசி பதில்:

எல்லோருக்கும் நன்றி. சின்ன வேலை யோசனை பிடித்திருக்கிறது, அதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன். ஆனால் வெஸ்டிங், ஒப்பந்தம் என்று எடுத்த எடுப்பிலேயே பேசினால் நம்பவில்லை என்று நினைத்து விலகிவிடுவாரோ? நண்பனிடம் பேசுவது அதைவிடச் சங்கடம்.

நடைபாதை பதில்:

அந்தப் பேச்சு சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த ஒரு மணி நேரச் சங்கடத்தை உங்களோடு சேர்ந்து தாங்க முடியாதவரால் சம்பளம் போட முடியாத மாதத்தை எப்படித் தாங்க முடியும்?

உங்களைப் பற்றிச் சொல்லி ஆரம்பியுங்கள். வருமானமே இல்லாமல் நான் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பேன், எனக்கு என்னென்ன கடன் இருக்கிறது, வீட்டில் யார் யார் என்னை நம்பி இருக்கிறார்கள், எந்த நிலை வந்தால் நான் விட்டுவிடுவேன் என்று நீங்கள் முதலில் திறந்து சொல்லிவிட்டு, அதே கேள்விகளை அவரிடம் கேளுங்கள். அவரும் உங்களை நம்பலாமா என்று யோசித்துக்கொண்டுதான் இருப்பார், கோட் தெரியாத ஒருவரின் வாக்குறுதியைத் தவிர வேறு எதுவும் அவர் கையில் இல்லை. அந்த 'பார்க்கலாம்' என்பதற்குப் பின்னால் வீட்டுக் கடன் இருக்கலாம், சொல்லக் கூச்சமாக இருக்கலாம்.

நேர்மையான மனிதர்களே இந்த இடத்தில் பிரிந்திருக்கிறார்கள். ஆப்பிள் ஆரம்பித்தபோது மூன்று பேர். 1976 ஏப்ரல் 1-ம் தேதி கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் ஸ்டீவ் வாஸ்னியாக்குக்கும் 45 சதவீதம் வீதம், ரொனால்ட் வெயினுக்கு 10 சதவீதம். 12 நாளில் வெயின் விலகி, தன் பங்கை 800 டாலருக்குக் கொடுத்துவிட்டார். அது கூட்டு நிறுவனம், கம்பெனி கடனை அடைக்க முடியாவிட்டால் கடன் கொடுத்தவர்கள் பார்ட்னர்களின் சொந்தச் சொத்துக்கு வந்துவிடுவார்கள். மற்ற இருவரிடம் பறிக்க எதுவும் இல்லை, வயதில் மூத்த வெயினிடம் இருந்தது. அவர் ஏமாற்றவில்லை, மற்றவர்களும் ஏமாற்றவில்லை. ஒரே ஆபத்து மூன்று பேருக்கும் வேறு வேறு எடையில் விழுந்தது. உங்கள் இருவருக்கும் அது எப்படி விழும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பேரேடு பதில்:

நடைபாதை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், அந்தக் காரணத்துக்காகவே கூட்டு நிறுவனமாக இல்லாமல் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனியாகப் பதிவு செய்யுங்கள்.

நண்பர் விஷயம் எளிது. பணம் போடுவதும் தினமும் வந்து வேலை செய்வதும் இரண்டு வேறு பாத்திரங்கள். அவர் பணம் மட்டும் போடுகிறார் என்றால் முதலீட்டாளராக ஷேர் கொடுங்கள், அல்லது திருப்பித் தரும் தேதி எழுதிக் கடனாக வாங்குங்கள், தினசரி முடிவுகளில் அவருக்கு ஓட்டு வேண்டாம். முழுப் பணமும் போனாலும் உங்கள் நட்பு நிற்குமா என்று அவரிடமே கேளுங்கள். அவர் தயங்கினால் வாங்காதீர்கள்.

பதிவு செய்த அன்றே டொமைன், சர்வர், கோட் வைத்திருக்கும் கணக்கு எல்லாம் கம்பெனி மின்னஞ்சலுக்கு மாறட்டும். வங்கிக் கணக்கை இருவரும் பார்க்க முடிய வேண்டும், ஒரு தொகைக்கு மேல் போனால் இரண்டு கையெழுத்து. ஒப்பந்த வரைவை உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள், அந்த வக்கீல் இருவருக்கும் பொதுவானவராக இல்லாமல் உங்களுக்கு ஒருவர், அவருக்கு ஒருவர் என்று இருந்தால் இன்னும் நல்லது.