ஐல் ராயல் முகட்டு நடை: ஓநாய் இருக்கட்டும், தண்ணீரைப் பாருங்க

சென்னையிலிருந்து ஐல் ராயலுக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஓநாயைப் பற்றித்தான். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி நடுவே இருக்கும் அந்தத் தீவில் 1958 முதல் ஓநாயையும் மூஸ் என்னும் பெரிய மானையும் ஆராய்ந்து வருகிறார்கள். 2018-ல் இரண்டே ஓநாய்கள் மிஞ்சின. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டுமாக 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆனாலும் நடப்பவர் கண்ணில் படுவது பெரும்பாலும் காலடித்தடமும் எச்சமும்தான்.

அந்த எச்சத்தைத்தான் கவனிக்கணும். ஓநாயின் குடலில் இருக்கும் நாடாப்புழுவின் முட்டை எச்சம் வழியாக ஏரித் தண்ணீருக்கு வரும். மூஸின் உடம்பில் அது நீர்க்கட்டியாக வளரும். ஓநாய் அந்த மூஸைத் தின்றால் புழு திரும்ப ஓநாய்க்கே போகும். நாம் குடித்தால் கட்டி நம் ஈரலிலோ நுரையீரலிலோ வரும். குளோரின் மாத்திரைக்கும் புற ஊதா விளக்குக்கும் இந்த முட்டை சாகாது. ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கணும், இல்லையென்றால் 0.4 மைக்ரான் அல்லது அதைவிட நுண்ணிய ஃபில்டர் வேணும்.

பையில் தண்ணீர் நிரப்பிக் கையால் அழுத்தும் ஃபில்டரை வீட்டில் சோதிக்கும்போது போர் தண்ணீரை ஊற்றாதீங்க. நம்ம ஊர் உப்பு உள்ளே காய்ந்து, தண்ணீரை வடிக்கும் நுண்ணிய இழைகளை அடைத்துவிடும். அப்புறம் ஒரு லிட்டர் இறங்கவே கை வலிக்கும். கேன் தண்ணீரில் சோதிக்கலாம். ஏற்கெனவே அடைத்திருந்தால் வினிகரில் ஊறவைத்து, எதிர்ப்பக்கமாகத் தண்ணீரை அழுத்திக் கழுவுங்க. செப்டம்பர் இரவுகளில் அதைத் தூக்கப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளணும். ஒரு தடவை உறைந்தால் இழைகள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

இன்னொன்று, வடிகட்டாத ஏரித் தண்ணீர் இருக்கும் பையின் வெளிப்புறத்திலிருந்து வழியும் ஒரு சொட்டு பாட்டில் வாயில் விழுந்தால் செய்த வேலை எல்லாம் வீண். பையைத் துடைத்துவிட்டு, பாட்டிலைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்க.

தீவின் மேற்கு முனையில் இருக்கும் விண்டிகோவிலிருந்து கிழக்கு முனை ராக் ஹார்பர் வரை கிரீன்ஸ்டோன் முகட்டுப் பாதை சுமார் 65 கிலோமீட்டர். முகட்டின் மேல் தண்ணீர் கிடைக்காது; டெசோர், ஹாட்செட், சிக்கன்போன் ஏரிகளுக்கு இறங்கித்தான் எடுக்கணும். ஆளுக்கு மூன்று லிட்டர் சுமந்தால் நிம்மதி.

---

மேலே அண்ணா எழுதியதோடு நான் சொல்வதையும் சேர்த்துக்கோங்க. உள் ஏரிகளில் பச்சையாகப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம் மிதந்தால் அந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம். பாசி நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது, இந்த ஃபில்டரிலும் நிற்காது.

மூஸ் பாதையில் நின்றால் அது நகரும்வரை காத்திருங்க. காது பின்னால் மடங்கி, திமில் மயிர் சிலிர்த்தால் துரத்தப்போகிறது என்று அர்த்தம். ஓடிப்போய்ப் பெரிய மரத்துக்குப் பின்னால் நில்லுங்க. குட்டியோடு இருக்கும் தாயும் செப்டம்பர் மாத ஆண் மூஸும்தான் ரொம்ப ஆபத்து. கரடி தீவில் இல்லை. நரி உண்டு, ஷூவைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் ஷூ கூடாரத்துக்குள் இருக்கட்டும்.

கேஸ் சிலிண்டரை இங்கிருந்து விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. தீவுக்குப் போகும் மிதவை விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். விண்டிகோ, ராக் ஹார்பர் கடைகளில் கிடைக்கும். அவலும் புளிக்காய்ச்சல் பொடியும் எடுத்துப்போனால் வெந்நீர் மட்டும் போதும், கேஸ் மிச்சமாகும். காற்று அடித்தால் படகு வராது, இரண்டு நாள் சாப்பாடு கூடுதலாகவே கட்டுங்க.