சிந்தசைசரை லேப்டாப்புடன் இணைத்தால் கீச்சொலி; சுரமும் இரட்டையாகக் கேட்கிறது (அவசரம்)

இரவுராகம்:
வணக்கம். நாளை மாலைக்குள் ஒரு குறும்படத்துக்குப் பின்னணி இசை அனுப்பியாக வேண்டும். புதிதாக வாங்கிய சிந்தசைசரை லேப்டாப்புடன் இணைத்ததில் இரண்டு தொல்லைகள். வாசிக்காதபோதும் மெல்லிய கீச்சொலி வந்துகொண்டே இருக்கிறது. மவுசை நகர்த்தினால் அதன் சுருதி மாறுகிறது. அது போதாதென்று, எந்த விசையை அழுத்தினாலும் சுரம் இரண்டு முறை ஒலிப்பதுபோல, குழாய்க்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கிறது. எல்லாவற்றையும் சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள்.

தந்திக்கம்பி:
எதை எதில் மாட்டினீர்கள் என்று சொல்லுங்கள் நண்பரே. ஆடியோ இன்டர்ஃபேஸ் (கருவியின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) இருக்கிறதா, லேப்டாப்பின் மைக் துளையிலேயே செருகியிருக்கிறீர்களா? மிடி (எந்த விசையை எப்போது அழுத்தினீர்கள் என்ற தகவல்) யூஎஸ்பி வழியாகப் போகிறதா, ஐந்து முள் கேபிள் வழியாகவா?

அலை44:
பஃபர்தான் காரணம், அதாவது கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு. 44,100 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் வைத்திருந்தால் 23 மில்லி வினாடி தாமதம் வரும். 128க்கு இறக்குங்கள், 3 மில்லி வினாடிக்குள் அடங்கிவிடும். எனக்கு எல்லாத் தொல்லையும் அதோடு தீர்ந்தது.

மூத்தவாசிப்பாளன்:
பஃபரைக் குறைத்தால் கீச்சொலி எப்படிப் போகும்? மவுஸ் அசையும்போது சுருதி மாறுகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். அது கணினிக்குள் இருக்கும் மின்னிரைச்சல், எர்த் வளையம் (கருவிகளின் எர்த் இரண்டு வழிகளில் இணைவதால் உருவாகும் சுற்று) வழியாக ஆடியோவுக்குள் நுழைகிறது. இதே கேள்விக்கு இங்கே பலமுறை விரிவாக எழுதியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் தேடிப் படிக்க வேண்டும், பிறகு கேட்க வேண்டும். கருவியோடு வந்த கையேட்டைத் திறந்தாவது பார்த்தீர்களா?

சுருதிப்பெட்டி:
நாளைக்கு வேலையை ஒப்படைக்க வேண்டியவர் இன்றிரவு எங்கே தேடிக்கொண்டிருப்பார்? இரட்டை ஒலிக்குப் பதில் சொல்கிறேன். நீங்கள் விசையை அழுத்தும்போது சிந்தசைசர் தன் ஒலியைத் தானே எழுப்புகிறது. அதே சுரம் மிடியாக மென்பொருளுக்குப் போய், ட்ராக் வழியாகத் திரும்பி வந்து அதே ஒலியை மறுபடி எழுப்புகிறது. சிந்தசைசரின் மெனுவில் "லோக்கல் கன்ட்ரோல்" என்பதை அணைத்துவிடுங்கள் (மிடியில் அதன் எண் 122).

சந்தேகமிருந்தால் ஒரு சோதனை. எட்டுக் குரல் கருவியில் (ஒரே நேரத்தில் எட்டுச் சுரம்தான் ஒலிக்கும்) விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டே போங்கள். ஐந்தாவது விசையிலேயே முதல் சுரம் அறுந்தால் ஒவ்வொரு சுரமும் இரண்டு குரல்களைத் தின்கிறது, அதாவது லோக்கல்தான். எட்டும் முழுதாக ஒலித்தால் காரணம் வேறு: உள்ளே வரும் ஒலியை நமக்குக் கேட்கவைக்கும் மானிட்டர் வழிகள் இரண்டும், இன்டர்ஃபேஸின் நேரடி மானிட்டரும் மென்பொருளின் மானிட்டரும், ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அப்போது ஏதாவது ஒன்றை மூடினால் போதும்.

இரவுராகம்:
இன்டர்ஃபேஸ் இருக்கிறது. மிடி யூஎஸ்பியில். சிந்தசைசருக்கு மின்சாரமும் அதே யூஎஸ்பி வழியாகத்தான்.

லோக்கலை அணைத்ததும் இரட்டை ஒலி போய்விட்டது! கீச்சொலி இருக்கிறது.

தந்திக்கம்பி:
மின்சாரமும் யூஎஸ்பியில் என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு சோதனைகள் செய்யுங்கள். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். பிறகு சிந்தசைசரைத் தனி அடாப்டரில் ஓட்டி, யூஎஸ்பி கேபிளை மட்டும் பிடுங்கிக் கேளுங்கள்.

கேபிள்பித்தன்:
கேபிளை மாற்றுங்கள். முனையில் மூன்று தொடர்புப் பகுதிகள் உள்ள பேலன்ஸ்டு கேபிள் (சிக்னலை இரண்டு கம்பிகளில் அனுப்பி இரைச்சலைக் கழிப்பது) போட்டால் இரைச்சல் தானாக அறுந்துவிடும்.

மூத்தவாசிப்பாளன்:
கேபிள் மட்டும் பேலன்ஸ்டாக இருந்து என்ன பயன்? கருவியின் அவுட்புட்டும் பேலன்ஸ்டாக இருக்க வேண்டும். பெரும்பாலான சிந்தசைசர்களில் அப்படி இருப்பதில்லை.

அலை44:
சார்ஜரின் எர்த் முள்ளில் டேப் சுற்றி மறைத்துவிடுங்கள். வளையம் அறுந்துவிடும், செலவும் இல்லை.

மூத்தவாசிப்பாளன்:
தயவுசெய்து இந்த யோசனையை நீக்குங்கள். எர்த் முள் உயிரைக் காப்பதற்காக வைத்திருப்பது. உள்ளே காப்பு பழுதாகி உலோக உறையில் மின்சாரம் ஏறினால், தொட்டவர் உடல் வழியாகத்தான் அது பூமிக்குப் போகும். வளையத்தை ஆடியோ கேபிளில் அறுக்கலாம், யூஎஸ்பியில் அறுக்கலாம். மின்சார பிளக்கில் ஒருபோதும் கை வைக்கக்கூடாது.

சுருதிப்பெட்டி:
இதில் முழுக்க உடன்படுகிறேன். அலை44, எழுதுவதற்கு முன் யோசியுங்கள்.

இரவுராகம்:
சார்ஜரைக் கழற்றினால் சத்தமே இல்லை. யூஎஸ்பியைப் பிடுங்கினாலும் இல்லை.

தந்திக்கம்பி:
அப்படியென்றால் எர்த் வளையம்தான், சந்தேகமில்லை. லேப்டாப்பிலிருந்து சிந்தசைசருக்கு யூஎஸ்பி வழியாக ஒரு எர்த். சிந்தசைசரிலிருந்து இன்டர்ஃபேஸ் வழியாக லேப்டாப்புக்கே திரும்ப இன்னொரு எர்த். இன்றிரவுக்கு வழி எளிது: லேப்டாப்பை முழுக்க சார்ஜ் செய்துகொண்டு, பேட்டரியில் ஓடும்போது பதிவு செய்யுங்கள்.

நிரந்தரத் தீர்வுக்கு, இன்டர்ஃபேஸில் ஐந்து முள் மிடி துளைகள் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மிடியின் இன்புட்டில் ஆப்டோ கப்ளர் இருக்கும். சுரத்தின் தகவல் ஒளியாகத் தாண்டுவதால் இரு கருவிகளின் எர்த்தும் ஒன்றோடொன்று சேராது. 1983இல் வந்த விதிமுறையிலேயே இதை யோசித்து வைத்திருக்கிறார்கள். அந்தத் துளைகள் இல்லையென்றால், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸை (கருவியின் சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) ஆடியோ வழியில் போட்டு, ஆடியோ கேபிளின் எர்த்தை மட்டும் துண்டிக்கும் எர்த் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். டிஐயிலிருந்து வருவது மைக் அளவு சிக்னல், ஆகவே மைக் இன்புட்டில் செருகுங்கள்.

அலை44:
ஐந்து முள் மிடியா? இந்தக் காலத்திலா? வினாடிக்கு 31,250 பிட்தான் போகும். ஆறு சுரங்களைச் சேர்த்து அழுத்தினால் முதலுக்கும் கடைசிக்கும் நடுவே காது கண்டுபிடிக்கும் இடைவெளி விழும்.

சுருதிப்பெட்டி:
கணக்குப் போடுவோம். ஒரு சுரத்துக்கு மூன்று பைட், பைட்டுக்குப் பத்து பிட், ஆக ஒரு மில்லி வினாடிக்குச் சற்றுக் குறைவு. ஆறு சுரமும் போய்ச்சேர மொத்தம் 6 மில்லி வினாடி ஆகாது. முதல் பைட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பாமல் சுருக்கும் கருவிகளில் சுமார் 4தான். உங்கள் விரல்களே அதைவிட அதிக இடைவெளியில் விழும்.

அலை44:
பல கருவிகளை ஒரே கேபிளில் சங்கிலியாகக் கோத்தால்?

மூத்தவாசிப்பாளன்:
மிடியின் பதினாறு சேனலிலும் தகவல் நெரிந்தால் தாமதம் தெரியும்தான். இவரிடம் இருப்பது ஒரே ஒரு சிந்தசைசர். கேட்டவர் கேள்வியை விட்டுவிட்டு நீங்கள் எங்கோ போய்க்கொண்டிருக்கிறீர்கள். யூஎஸ்பியை விட மனமில்லாதவர்கள் யூஎஸ்பி ஐசொலேட்டர் (எர்த் இணைப்பை அறுத்துத் தகவலைக் கடத்தும் சிறு கருவி) போடலாம். அவற்றில் பல 12 மெகாபிட் வேகம்தான் தாங்கும். மிடிக்கு அது தாராளம், ஆடியோ இன்டர்ஃபேஸை அதில் மாட்டக்கூடாது. கருவிக்கு வேண்டிய மின்சாரத்தை அது தருமா என்றும் பார்த்து வாங்க வேண்டும்.

கேபிள்பித்தன்:
இருந்தாலும் நல்ல கேபிள் போட்டால் கேடில்லை.

இரவுராகம்:
பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்து அனுப்பிவிட்டேன். சுத்தமாக வந்தது. ஐந்து முள் கேபிளும் சொல்லிவைத்திருக்கிறேன். நன்றி.

தந்திக்கம்பி:
மகிழ்ச்சி. அந்தக் கேபிள் வந்ததும் யூஎஸ்பியை முழுவதும் கழற்றிவிட்டு, சிந்தசைசரைத் தனி அடாப்டரில் ஓட்டுங்கள். மின்சாரத்துக்காக லேப்டாப்பிலேயே செருகி வைத்தால் வளையம் அப்படியே இருக்கும், கீச்சொலியும் திரும்பி வரும்.