‘தன்னிச்சையான இடப்பெயர்வு’: யாருடைய இச்சை?

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் பதியவேண்டிய ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய ஐ.நா. வழிகாட்டிக் கோட்பாடுகள் (1998) மொத்தம் 30. அதில் 6ஆவது, ஒருவரை அவருடைய வீட்டிலிருந்து ‘ஆர்பிட்ரரி’யாக (arbitrary, தக்க காரணமோ முறையோ இல்லாமல்) அகற்றக்கூடாது என்கிறது. தமிழில் ‘தன்னிச்சையான இடப்பெயர்வு’ என்று எழுதிவிடுகிறோம். 28ஆவது, மக்கள் விரும்பித் திரும்புவதற்கோ வேறிடத்தில் குடியேறுவதற்கோ வழிசெய்வது அரசின் முதற்கடமை என்கிறது. அங்கேயும் ‘தன்னிச்சையாகத் திரும்புதல்’. தடைசெய்ய வேண்டியதற்கும் உறுதிசெய்ய வேண்டியதற்கும் ஒரே சொல்!

முறைப்பாட்டில் ‘தன்னிச்சையாக இடம்பெயர்ந்தோம்’ என்று எழுதினால், ‘அப்ப நீங்களாத்தானே போனீங்கள்’ என்றுதான் கேட்பார்கள். அதை ஆங்கிலத்துக்கு மாற்றுகிறவரும் அப்படியே மாற்றுவார்.

இன்னொரு கோளாறு, ‘பெயர்வு’ தன்வினை. மக்கள் பெயர்ந்தார்கள் என்றால் பெயர்த்தவர் வாக்கியத்தில் இல்லாமலே போய்விடுகிறார். பிறவினையில் ‘இடம்பெயர்ப்பு’ என்று வரட்டும். மொழிபெயர்ப்பு என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது புதிதல்ல. என் முன்மொழிவு: ‘சட்டவிரோத இடம்பெயர்ப்பு’.

உவர்மலையிலிருந்து

—

வணக்கம் அண்ணா.

‘இடம்பெயர்ப்பு’ சரி. ‘சட்டவிரோத’ சரிவராது. இலங்கையில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரையே எடுங்கோ. 2006இல் சனம் ஷெல்லுக்கு ஓடியது. 2007இல் அதியுயர் பாதுகாப்பு வலயம், 2012இல் முதலீட்டுச் சபையின் கீழ் கைத்தொழில் வலயம். இரண்டுக்கும் வர்த்தமானி (அரசிதழ் அறிவித்தல்) இருந்தது. சட்டவிரோதம் என்று எழுதினால் அரச தரப்பு வர்த்தமானியைத் தூக்கி மேசையில் வைக்கும், கதை அத்தோடு முடிந்துவிடும். அந்தக் கைத்தொழில் வலயத்தின் 818 ஏக்கருக்கான அறிவித்தல் 2015இல்தான் ரத்தானது.

6ஆவது கோட்பாடு கேட்பது வேறு. போர்க்காலத்தில் என்றால், குடிமக்களின் பாதுகாப்போ தவிர்க்கவே முடியாத இராணுவத் தேவையோ இருந்ததா? அபிவிருத்தி என்றால், எல்லாவற்றையும் மீறி நிற்கும் பொதுநலன் இருந்ததா? கூட்டுத் தண்டனையாக என்றால் எந்தச் சாட்டும் செல்லாது. அதோடு, தேவை முடிந்த பிறகும் வெளியே வைத்திருக்கக்கூடாது. முதல்நாள் நியாயமாக இருந்த வெளியேற்றம் ஆறாம் வருசம் நியாயமில்லாமல் போகலாம். காரணம் மாறும்போதெல்லாம், பாதுகாப்பு போய்த் தொழிற்சாலை வந்தபோது மாதிரி, அரசு புதிதாக நியாயம் காட்டவேண்டும்.

அதனால் ‘நியாயமற்ற இடம்பெயர்ப்பு’. ‘எதேச்சையான’ வேண்டாம், அதற்குள்ளேயும் இச்சை ஒளிந்திருக்கிறது. ‘தான்தோன்றித்தனமான’ வீட்டில் பெடியனை ஏசுகிற சொல். ‘வலிந்த’ என்றால் சூறாவளிக்கு முன் கரையோரத்தை வலுக்கட்டாயமாக வெளியேற்றுவதும் அதற்குள் வந்துவிடும். அது அரசின் கடமை, குற்றமல்ல.

மூதூரிலிருந்து

—

தங்கச்சி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ‘நியாயமற்ற’ தனியே நின்றால் ஆளாளுக்கு ஒரு நியாயம் சொல்வார்கள். சொற்பதிவின் கீழேயே 7ஆவது கோட்பாட்டின் சோதனைகளை எழுதிவைப்போம். அவசரநிலை இல்லாத வெளியேற்றத்துக்கு: சட்ட அதிகாரம் உள்ளவரின் குறிப்பான முடிவு, காரணமும் நடைமுறையும், பொருந்தும் இடத்தில் இழப்பீடும் மாற்றிடமும், மக்களுக்கு முழுமையாகச் சொல்லப்படல், அறிந்து தரும் சம்மதத்தைப் பெற முயலல், மாற்றிடத் திட்டமிடலில் பாதிக்கப்பட்டோர், குறிப்பாகப் பெண்கள், பங்குபற்றல், நீதிமன்றத்தை நாடும் வழி. மாற்றுவழிகளை முதலில் ஆராய்வது எல்லா வெளியேற்றத்துக்கும் பொது. முறைப்பாடு எழுதுகிறவர் இவற்றில் எது நடக்கவில்லை என்று திகதியோடு எழுதினால் போதும், ‘அநியாயம்’ என்று பக்கம் பக்கமாக எழுதத் தேவையில்லை.

கிராம அலுவலர் பதிவிலும் பிரதேச செயலகப் பட்டியலிலும் ‘இடம்பெயர்ந்தோர்’ என்றே இருக்கட்டும். நிவாரணமும் வீட்டுத்திட்டமும் அந்தத் தலைப்பைப் பார்த்துத்தான் ஓடுகின்றன. ஒருவர் வேறு பெயரில் விண்ணப்பித்தால், பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆளுக்குப் பழைய சொல், செயலுக்குப் புதுச்சொல்.

அடிப்படை உரிமை மனுவுக்கும் இது உதவும். அரசியலமைப்பின் உறுப்புரை 126இன்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகவேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் வராது. தமிழில் எழுதிய முறைப்பாட்டை அங்கே முதலில் மொழிபெயர்ப்பவர் வாசிக்கிறார். அவர் கையில் ‘தன்னிச்சை’யைக் கொடுக்கவேண்டாம்.

28ஆவதற்கு ‘சுயவிருப்பத்துடன் திரும்புதல்’ என்று பதிகிறேன். மறுப்பிருந்தால் எழுதுங்கோ.

உப்புவெளியிலிருந்து