பத்தாவது, பதினொண்ணாவது பிள்ளைங்கள சொந்தமா எழுத வைக்கிறது எப்படி?

ஞாயிறு_வகுப்பு (ரங்கூன்):
வணக்கம். ரங்கூன்ல ஒரு கோவில்ல ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன், கிரேடு 10, 11 படிக்கிற பிள்ளைங்க 14 பேரு. பொங்கலுக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை போடலாம்னு, உங்களுக்குப் பிடிச்சது, ஸ்கூல்ல நடந்தது எதையாவது எழுதிட்டு வாங்கன்னு சொன்னேன். வந்தது எல்லாம் ஒரே மாதிரி, "எங்கள் பள்ளி மிகவும் அழகானது, பள்ளியைச் சுற்றி மரங்கள் உள்ளன". ஸ்கூல்ல பர்மியக் கட்டுரைய மனப்பாடம் பண்ணி எழுதியே பழக்கம், அதே பழக்கம் தமிழுக்கும் வந்துடுது. ஆனா வகுப்பு முடிஞ்சி வாசல்ல நின்னு பேசுறாங்க பாருங்க, அவ்ளோ கதை. ஒரு பையன் சின்லோன் பத்தி, அதான் இங்க கால்ல தட்டி விளையாடுற பிரம்புப் பந்து விளையாட்டு, அரை மணி நேரம் நிறுத்தாம பேசுனான், அவன் எழுதிக் குடுத்தது நாலு வரி, அதுல சின்லோன் இல்லவே இல்ல. என்ன செய்யலாம்?

மோல்மீன்_அண்ணன்:
டீச்சர், "என் பள்ளி"ன்னு தலைப்பு குடுத்தாலே அவங்களுக்கு மரம்தான் ஞாபகம் வரும். சின்னதா கேளுங்க. நேத்து ஸ்கூல் விட்டு வீடு வர்ற வரைக்கும் என்ன நடந்துச்சு, யாரு கூட வந்த, வழியில என்ன வாங்கித் தின்ன, அவ்ளோதான். முதல்ல போன்ல பேசி ரெக்கார்ட் பண்ணச் சொல்லுங்க, அப்புறம் அதையே கேட்டுக் கேட்டு எழுதட்டும். எங்க வகுப்புல இப்படித்தான் செய்றோம், பேச்சுல இருக்கிற உயிரு அப்படியே பேப்பர்ல வந்துடுது. சிவப்புப் பேனாவ மட்டும் ஒரு ரெண்டு மாசத்துக்குத் தொடாதீங்க. ழ, ள எல்லாம் பிறகு வரும், பர்மியத்துல அந்த ழ சத்தமே கிடையாது, பிள்ளைங்க காதுல எப்பவாவதுதான் விழுது. எங்கப்பா நாலாவது படிக்கிறப்போ 1965-ல தனியார் பள்ளிக்கூடத்தை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சி, அவரு தமிழ் பள்ளிக்கூடம் அதோட முடிஞ்சது. அந்த நாலாவது தமிழ வச்சிக்கிட்டு அவரு எங்களுக்கு எழுதின கடிதாசி எல்லாம் பெட்டில இருக்கு, பிழை நிறைய, ஆனா படிச்சா அப்பா பேசுற மாதிரியே இருக்கும்.

பச்சை_லோஞ்சி:
நான் கிரேடு 11. டீச்சர், நாங்க எழுதாததுக்குக் காரணம் பயம்தான், எல்லார் முன்னாடியும் சத்தமா படிச்சிக் காட்டுவாங்க. இன்னொண்ணு, பர்மிய வார்த்தை வந்தா கோடு போட்டு அடிச்சிடுவாங்க, மூஞ்சில பூசுற தனாக்காவுக்கு நான் தமிழ்ல என்ன எழுதுறது? நான் எழுதணும்னா இதத்தான் எழுதுவேன். எங்க ஏரியாவுல கரண்ட் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா அம்மா எழுந்திரிச்சி முதல்ல தண்ணி மோட்டார போடுவாங்க, அப்புறம் ஸ்கூலுக்குப் போடுற என் வெள்ளைச் சட்டையையும் பச்சை லோஞ்சியையும் (கைலி மாதிரி கட்டுறது) இஸ்திரி போடுவாங்க, நான் அந்த வெளிச்சத்துல எழுந்து கணக்கு போடுவேன். விடிஞ்சதும் பாட்டி கல்லுல தண்ணி தெளிச்சி தனாக்கா கட்டைய உரைச்சி என் கன்னத்துல தடவுவாங்க, ஜில்லுன்னு இருக்கும், தூக்கம் அப்பதான் போகும். இது கட்டுரையா டீச்சர்?

மண்டலே_அம்மா:
மேல எழுதின பாப்பா, இதுதான்மா கட்டுரை, இப்படியே குடு.
டீச்சருக்கு ஒரு விஷயம் சொல்லணும். 2025 மார்ச் 28-ல 7.7 அளவுல பூகம்பம் வந்துச்சே, எங்க ஊருல எவ்வளவோ வீடு விழுந்துடுச்சி. என் மகன் அத பத்தி ரொம்ப நாளா பேசவே இல்ல, ஒரு நாள் அவனா நோட்டுல ரெண்டு பக்கம் எழுதி வச்சிருந்தான், நாங்க ராத்திரி ரோட்டுல பாய் விரிச்சி படுத்தது, பக்கத்து வீட்டு நாய் அவன் காலடியிலயே படுத்துக்கிட்டது எல்லாம். படிச்சிட்டு அழுதுட்டேன். ஆனா பத்திரிகைல போட வேணாம்மான்னு சொல்லிட்டான். அதனால பிள்ளைங்க மனசத் தொறந்து எழுதுனா, போடலாமான்னு அவங்கள கேட்டுட்டு போடுங்க. எழுதச் சொல்லி கட்டாயமும் பண்ணாதீங்க.

ஞாயிறு_வகுப்பு (ரங்கூன்):
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பச்சை லோஞ்சி பாப்பா, இனிமே யார் எழுதினதையும் கேக்காம வகுப்புல படிக்க மாட்டேன், தனாக்காவ தனாக்கான்னே எழுதலாம், எங்க வகுப்புல அதுக்குத் தடை இல்ல.
இந்த வாரம் அண்ணன் சொன்ன மாதிரி போன்ல பேச விட்டேன். சின்லோன் பையன் ஒன்றரை பக்கம் எழுதிட்டான்! ஆறு பேரு வட்டமா நிப்பாங்களாம், கை படக்கூடாது, பாதத்துல முட்டியில தட்டித் தட்டி பந்த கீழ விடாம வச்சிருக்கணும், எதிர்க்கட்சியே கிடையாது, பந்து விழுந்தா ஆறு பேரும் சேந்து திரும்ப ஆரம்பிப்பாங்க. பந்து காலுல படுறப்போ வர்ற டக் டக் சத்தத்த வச்சே யாரு தட்டுறாங்கன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லிடுவேன்னு எழுதியிருக்கான். பிரம்ப 'பெரம்பு'ன்னு எழுதியிருந்தான், நான் தொடல. அடுத்த வாரம் அந்தப் பந்தயே கொண்டு வந்து காட்டுறேன்னு சொல்லியிருக்கான்.